படம் எடு, நோயைப் பார், மருந்து வாங்கு: பிளான்டிக்ஸ் செயலியில் விடுபட்ட படி

பிளான்டிக்ஸ் செயலியைத் திறந்ததும் முகப்பில் மூன்று சின்னங்கள் அம்புக்குறியோடு வரிசையாக நிற்கும். படம் எடு, நோயைப் பார், மருந்தைப் பெறு. சனிக்கிழமை சாயங்காலம், இலையில் ஏதோ புள்ளி, வேளாண் அலுவலரைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும் என்கிற நேரத்தில் இது பெரிய துணைதான். ஆனால் இரண்டாவது சின்னத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இன்னொரு படி இருந்தாக வேண்டும்: வயலில் இறங்கி எண்ணுவது. எதைத் தாக்கியது என்று செயலி சொல்லிவிடும். மருந்து அடிக்கும் அளவுக்குத் தாக்கியிருக்கிறதா என்பதை எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும். காசு மிச்சமாவதும் மண்ணும் தண்ணீரும் பிழைப்பதும் அந்த எண்ணிக்கையில்தான்.

ஜெர்மனியின் பீட் நிறுவனம் செய்த செயலி இது. அதிகம் பயன்படுவது இந்தியாவில். ஆண்ட்ராய்டு போனில் இலவசம், தமிழிலும் வருகிறது. நிறுவனம் சொல்லும் கணக்குப்படி சுமார் 30 முக்கியப் பயிர்கள், 400-க்கு மேற்பட்ட பாதிப்புகள். நோய் கண்டறிவதோடு உரக் கணக்கு, வானிலை, கேள்வி பதில் பகுதி, நோய்களின் படக் களஞ்சியம் எல்லாம் உண்டு. இவற்றில் படக் களஞ்சியம் தங்கமான பகுதி. ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறி, காரணம், தடுப்பு முறை, உயிரியல் முறை, ரசாயன முறை என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். படம் எடுத்து விடை வந்ததும் நேராக ரசாயனப் பத்திக்குத் தாவுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அறிகுறிப் பத்தியை முதலில் படித்து, அதில் சொன்னதெல்லாம் உங்கள் செடியில் இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்தாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

படம் எடுக்கும் முறை

செயலி தப்பாகச் சொல்லிவிட்டது என்று வருகிற புகார்களில் நிறைய, படத்தில் ஆரம்பிக்கிறவை. முழுக்கக் காய்ந்துபோன செடியைப் படம் எடுப்பதில் பயனில்லை. செத்த இலை எல்லா நோயிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நோய் பரவும் ஓரத்துக்குப் போய், பாதி பச்சையும் பாதி பாதிப்புமாக இருக்கும் இலையைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள். பனித்துளி காய்ந்தபின், காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் எடுப்பது நல்லது. உச்சி வெயிலில் எடுக்க வேண்டி வந்தால் உங்கள் நிழல் இலை மேல் விழும்படி நில்லுங்கள். இல்லையென்றால் இலையின் பளபளப்பு வெள்ளைத் திட்டாகப் பதிந்துவிடும். இலைக்குப் பின்னால் உள்ளங்கையையோ ஒரே நிறத் துணியையோ வைத்து, சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இலையே இருக்கும்படி கிட்டே போய் எடுங்கள். ஜூம் வேண்டாம். திரையில் புள்ளியின் மேல் ஒரு தட்டுத் தட்டி ஃபோகஸ் செய்த பிறகு அழுத்துங்கள்.

மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. இதே மாதிரி நாலைந்து செடிகளில். விடைகள் எல்லாம் ஒன்றாக வந்தால் ஓரளவு நம்பலாம். ஐந்து படத்துக்கு மூன்று வேறு பெயர் வந்தால், செயலிக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போடாதீர்கள். அது சுருங்கி, நுணுக்கமெல்லாம் அழிந்து வந்திருக்கும்.

பூச்சி என்றால் ஓட்டையைப் படம் எடுக்காமல் பூச்சியைத் தேடிப் பிடியுங்கள். மக்காச்சோளக் குருத்தில் வரிசையாக ஓட்டை விழுந்திருப்பதை மட்டும் பார்த்தால் தண்டுத்துளைப்பானா படைப்புழுவா என்று மனிதரே தடுமாறுவார். குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்தால் சந்தேகமே இல்லை: தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் கடைசிக்கு முந்தைய உடல் வளையத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இரண்டும் இருந்தால் படைப்புழு.

அடுத்தது பயிர்த் தேர்வு. உங்கள் பயிர் பட்டியலில் இல்லையென்றால் அதைப்போல் இருக்கும் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து ஏமாற்றப் பார்க்காதீர்கள். இந்த வகைச் செயலிகளின் ஏஐ மாதிரிகள் தமக்குக் கற்றுத்தந்த பெயர்களில் ஏதோ ஒன்றைத்தான் சொல்லும். கற்றுத்தராத நோயைக் காட்டினால், தெரிந்தவற்றில் கிட்டத்தட்ட ஒத்திருப்பதைச் சொல்லிவிடும். புதிதாக நாட்டுக்குள் வரும் பூச்சி விஷயத்தில் இது ஆபத்து. அமெரிக்கப் படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கு வந்தது. 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயில் பூவுக்குள் கறுப்பு இலைப்பேன் வந்து காயைக் காலி செய்தது. இப்படிப்பட்ட முதல் வாரங்களில் எந்தச் செயலியும் பழைய பெயரைத்தான் சொல்லும்.

ஆய்வகத்தில் 99, வெளியில் 31

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் சோதித்தபோது 99.35 சதவீதம் சரி. இணையத்தில் கிடைத்த, வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சுமார் 31 சதவீதத்துக்கு விழுந்தது. காரணம் எளிது. தொகுப்பில் இருந்தவை ஒற்றை இலையைக் கிள்ளி, ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்தவை. வயலில் பின்னால் மண்ணும் களையும் வரப்பும் தெரியும், ஒரே இலையில் இரண்டு பாதிப்பு இருக்கும், காற்றில் இலை ஆடும்.

அதற்குப் பிறகு நிலைமை நிறைய முன்னேறியிருக்கிறது. பிளான்டிக்ஸ் போன்றவை விவசாயிகள் அனுப்பும் வயல் படங்களிலேயே கற்றுக்கொள்கின்றன. ஆனாலும் ஒரு செயலிக்கு 95 சதவீதம் துல்லியம் என்று யாராவது விளம்பரம் செய்தால், எந்தப் படங்களில் சோதித்தது என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பு கொடுக்க வேண்டாம்.

நெல்லில் எங்கே குழம்பும்

குலைநோயும் பழுப்புப் புள்ளியும் படத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். குலைநோய்ப் புள்ளி கண் வடிவத்தில் இருபுறமும் கூர்மையாக, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. பழுப்புப் புள்ளி நீள்வட்டம், எள் தூவியதுபோல் இலை முழுக்கப் பரவி இருக்கும், சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும். இரண்டுக்கும் பின்னணியே வேறு. யூரியா கூடிய வயலில் குலைநோய் கொழிக்கும். பழுப்புப் புள்ளி பட்டினி மண்ணின் நோய். சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைந்த, சாரமற்ற நிலத்தில்தான் அது தலைவிரித்தாடும். ஆகவே பழுப்புப் புள்ளி என்று விடை வந்தால் பூஞ்சைக்கொல்லிக் கடைக்குப் போவதற்கு முன் மண் பரிசோதனை அட்டையை எடுத்துப் பாருங்கள். இதைச் சின்ன நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1942-இல் வங்கத்து நெல்லை இது தாக்கியது. அடுத்த ஆண்டுப் பெரும்பஞ்சத்தின் காரணங்களில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளாதார அறிஞர்களும் பயிர் நோயியலாரும் இன்றும் ஒத்துப்போவதில்லை.

பாக்டீரியா இலைக்கருகலும் சாம்பல்சத்துக் குறையும் இன்னொரு ஜோடி. இரண்டிலும் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் காயும். கேமராவுக்கு இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், கண்ணாடி டம்ளருக்குச் சுலபம். மஞ்சளும் பச்சையும் சேருமிடத்தில் இலையை இரண்டங்குலத் துண்டாக வெட்டி, தெளிந்த தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். பாக்டீரியா என்றால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல இழை இறங்கும். சத்துக்குறை என்றால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். தக்காளி, கத்தரியின் வாடல் நோய்க்கும் தண்டை வெட்டி இதே சோதனை செய்யலாம். இழை இறங்கினால் அடுத்த யூரியாவை நிறுத்துங்கள், அந்த வயலின் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குப் பாய விடாதீர்கள். குலைநோய்க்கான டிரைசைக்ளசோலை இதற்கு அடித்தால் காசு மட்டும்தான் கரையும். பூஞ்சை மருந்து பாக்டீரியாவைத் தொடாது.

நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் அடியிலைகளில் துருப்பிடித்ததுபோல் பழுப்புத் திட்டு, பயிர் குட்டை, ஆங்காங்கே மேடு பள்ளமாக வளர்ச்சி என்றால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. இதைச் செயலி பழுப்புப் புள்ளி என்றோ துங்ரோ என்ற வைரஸ் நோய் என்றோ சொல்ல வாய்ப்புண்டு. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 10 கிராம் யூரியா. அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 80 கிராமும் 160 கிராமும். அடித்த பின் புதிதாக வரும் இலை சுத்தமாக வந்தால் கணிப்பு சரி.

சுருண்ட இலை

மிளகாயில்தான் தப்பான விடைக்கு விலை அதிகம். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த படகு மாதிரிக் கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு எலிவால்போல் நீண்டால் சிலந்திப்பேன். வைரஸ் என்றால் செடியே குட்டையாகி, இலை சிறுத்து, நரம்பு தடித்திருக்கும். மூன்றும் ஒரே தோட்டத்தில், சமயத்தில் ஒரே செடியில் இருக்கும்; படம் மேலிருந்து எடுத்தால் சுருளின் திசையே தெரியாது. செடியின் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள். கூடவே கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். இலைப்பேன் ஊசிமுனைபோல ஓடும். சிலந்திப்பேனுக்குப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் வேண்டும். அது இல்லாமல் மிளகாய் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி.

பெயர் மாறினால் என்ன ஆகும்? சிலந்திப்பேன் பூச்சியினமே அல்ல, எட்டுக்கால் இனம். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து அதை ஒன்றும் செய்யாது. செயற்கைப் பைரித்ராய்டு அடித்தால் அதைத் தின்னும் நல்ல பேன்கள் செத்து, சிலந்திப்பேன் முன்பைவிடப் பெருகும். நனையும் கந்தகம்போன்ற பேன்கொல்லிதான் கேட்கும். அதையும் வெயில் கொளுத்தும்போது அடித்தால் இலை கருகும்.

பருத்தியில் வேறொரு கண்ணி. பக்கத்துக் கரும்பிலோ சோளத்திலோ 2,4-டி களைக்கொல்லி அடிக்கும்போது காற்றில் வந்த சாரல் பட்டால் பருத்தி இலை விரல்போலப் பிளந்து, குறுகி, நரம்பு இழுத்துக்கொள்ளும். பார்வைக்கு வைரஸ். களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குப் பயன்படுத்தினாலும் இதே கதை. காற்று வந்த பக்கத்து வரிசைகளில் பாதிப்பு கனமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் சாரல்தான். ஒற்றை இலைப் படத்தில் இந்தப் பாங்கு தெரியவே தெரியாது. தோட்டம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, அதைச் செயலிக்குக் காட்டாமல் உங்கள் கண்ணுக்கே காட்டுங்கள்.

விடுபட்ட படி

குருத்துப்பூச்சி என்று விடை வந்துவிட்டது, விடையும் சரி என்று வைத்துக்கொள்வோம். மருந்து அடிக்கலாமா? வரப்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே தள்ளி, குறுக்குமறுக்காக நடந்து 20 குத்துகளை, அதாவது நாற்று நட்ட கொத்துகளை, பாருங்கள். குத்துக்குச் சராசரி 15 தூர் (கிளைத்தண்டு) என்றால் மொத்தம் 300 தூர். அதில் நடுக்குருத்து காய்ந்தவை 30 இருந்தால் 10 சதவீதம். அதுதான் பொருளாதாரச் சேத நிலை, மருந்துச் செலவு கட்டுப்படியாகும் அளவு; அடிக்கலாம். 12 என்றால் 4 சதவீதம்; பயிர் பக்கத் தூர் விட்டே சரிக்கட்டிவிடும். கதிர் வந்தபின் வெண்கதிர் 2 சதவீதமே எல்லை. ஆனால் வெளுத்துவிட்ட கதிர் எந்த மருந்துக்கும் திரும்ப மணி பிடிக்காது. இலைச்சுருட்டுப்புழுவுக்குத் தூர்விடும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம்.

நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையானுக்கு எல்லை தூருக்கு ஒரு பூச்சி. சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இந்த ஒரு வரியில் உள்ள விவரம் எந்தப் படத்திலும் அடங்காது: எதிரியை எண்ணும்போது கூட்டாளியையும் எண்ணு. குத்தைச் சாய்த்து அடித்தண்டைத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும், விழுந்தவற்றை எண்ணலாம். எல்லை தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் நாசில் தூரின் அடிக்குப் போக வேண்டும். மேலே இலையில் தூவினால் புகையானுக்குப் படாது, சிலந்திக்கு மட்டும் படும். பைரித்ராய்டு வகையை நெல்லில் புகையான் காலத்தில் தொடவே கூடாது. அடித்த பின் பூச்சி பலமடங்காகத் திரும்பி வரும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. மானிய விலையில் மருந்தை அள்ளிக் கொடுத்ததில் புகையான் பெருகி நெல் அழிந்தது. 1986-இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றில் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தார்கள். விவசாயிகளுக்கு வயலில் வைத்தே எண்ணக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் அதன்பின் பரவின. மானியம் போனது, மருந்து குறைந்தது, விளைச்சல் விழவில்லை. உணவுப் பாதுகாப்பும் நீடித்த வளர்ச்சியும் ஒரே வயலில் சந்தித்த இடம் அது, செயற்கை நுண்ணறிவு இல்லாமலேயே. இன்றைய செயலிகள் நோயின் பெயரைச் சொன்ன கையோடு, "20 குத்தில் எத்தனை காய்ந்திருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டு, அந்த எண் வந்தபின் மருந்துப் பக்கத்தைத் திறந்தால் போதும். தொழில்நுட்பத்தில் இதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு விடை வியாபாரத்தில் இருக்கிறது. விவசாயியிடம் செயலி காசு வாங்குவதில்லை. இதே நிறுவனம் மருந்துக் கடைக்காரர்களுக்கென்று தனிச் செயலியும் வெளியிட்டது. வருமானம் இடுபொருள் வணிகத்தின் பக்கம். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் தராசு சாய வாய்ப்புண்டு என்று தெரிந்து வாசித்தால் போதும்.

மருந்துப் பக்கத்தை எப்படி வாசிப்பது

செயலி காட்டும் மருந்தைக் கடையில் வாங்கும் முன் புட்டியின் ஒட்டுத்தாளில் உங்கள் பயிரின் பெயரும் அந்த நோயின் பெயரும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு பயிர்வாரியாகத்தான் தரப்படுகிறது. பருத்திக்குப் பதிவான மருந்து வெண்டைக்குப் பதிவாகி இருக்க வேண்டியதில்லை. முக்கோண நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நஞ்சு குறையும். காயைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் பயிரில் காத்திருப்புக் காலம் (அடித்த பின் பறிக்கும் வரை விடவேண்டிய இடைவெளி) எத்தனை நாள் என்பது ஒட்டுத்தாளில் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கும் வெண்டைக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டிய மருந்து பொருந்தாது.

அளவில் நடக்கும் தவறு பழைய தவறுதான். பரிந்துரைகள் லிட்டருக்கோ ஏக்கருக்கோ இருக்கும். நம் பழக்கம் டேங்குக்கு இத்தனை மூடி. பத்து லிட்டர் கைத்தெளிப்பான் காலத்து மூடிக் கணக்கு, இன்றைய 16 லிட்டர் பேட்டரி டேங்குக்குப் பொருந்தாது. குலைநோய்க்கு டிரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள் லிட்டருக்கு 0.6 கிராம் என்றால் 16 லிட்டருக்கு 9.6 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடித்தால் பன்னிரண்டரை டேங்க், மொத்தம் 120 கிராம். ஏக்கருக்கு ஐந்தாறு டேங்கிலேயே முடித்துவிட்டு லிட்டர் அளவையே வைத்தால் பாதி மருந்துதான் போயிருக்கும். நோய் நிற்காது, மருந்து போலி என்று கடைக்காரருக்குத் திட்டு விழும். மருந்துக்கு நூறு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறவர்கள் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குவதில்லை என்பது விந்தை.

டிரைசைக்ளசோல் விஷயத்தில் இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அரிசியில் இதன் எச்ச வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமுக்கு இறக்கியது. பாசுமதி ஏற்றுமதிக்கு அது பெரிய அடி. ஏற்றுமதிக்கு விளைவிக்கிறவர்கள், அரிசியானாலும் மிளகாயானாலும், வாங்குகிறவரிடம் தடைப்பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு செயலியின் மருந்துப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எந்தச் சந்தைக்கு விற்கிறீர்கள் என்பது செயலிக்குத் தெரியாது.

உரக் கணக்கு

கூட்டல் கழித்தலுக்கு வசதியான பகுதி. மத்திய வயது நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 150, 50, 50 கிலோ என்பது தமிழ்நாட்டுப் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 60, 20, 20. மணிச்சத்து முழுவதையும், தழைச்சத்தும் கலந்த டிஏபி உரத்தில் கொடுத்தால் 43.5 கிலோ. அதிலேயே சுமார் 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா சுமார் 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. பொட்டாஷ் 33 கிலோ. செயலி தரும் எண் இதிலிருந்து ரொம்ப விலகினால் பரப்பளவு அலகைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள். ஏக்கரும் ஹெக்டேரும் மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது.

மேலுரத்துக்கு, பச்சை நிறச் சாயல்கள் எண்ணிட்டு அச்சிட்ட இலை வண்ண அட்டையே போதும். பத்துச் செடியில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட்டு, ஆறு இலைகள் 4-க்குக் கீழே இருந்தால் யூரியா கொடுக்கலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு எல்லை 3. சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

மற்றவை

மத்திய அரசின் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இதிலும் படம் எடுத்து ஏஐ வழியாகப் பூச்சியைக் கண்டறியலாம். ஆனால் இதன் முதன்மையான வேலை வேறு: பல ஊர்களின் படங்களை இடக்குறியோடு சேர்த்து, பூச்சி எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பது. படைப்புழு போல இன்னொன்று எல்லை தாண்டும்போது நாட்டுக்கு முன்கூட்டியே தெரிய இதுதான் வழி. இணையத்தில் எடுத்த படத்தையும் வேறு பயிர்ப் பெயரையும் விளையாட்டுக்குப் பதிவேற்றினால் அந்த வரைபடமே கெடும். உடனடி மருந்துப் பட்டியல் வேண்டுவோருக்கு பிளான்டிக்ஸ் வேகமாகத் தோன்றலாம். விற்க எதுவும் இல்லாத செயலி என்பது அரசு அமைப்பின் பலம்.

மரவள்ளிக்கு நூரு என்று ஒரு செயலி உண்டு; அமெரிக்கப் பல்கலைக்கழகமும் ஆப்பிரிக்க வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தது. இணையம் இல்லாமலே வேலை செய்யும். கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்து 2020-இல் வெளியிட்ட சோதனையில் ஓர் இலையை மட்டும் பார்த்து 65 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே சோதனையில் விரிவாக்கப் பணியாளர்கள் 40 முதல் 58, விவசாயிகள் 18 முதல் 31. ஒரு செடிக்கு ஆறு இலைகள் காட்டியபோது செயலியின் துல்லியம் 74 முதல் 88 சதவீதமாக உயர்ந்தது. நாலைந்து படம் எடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. சேலம், நாமக்கல் பக்கம் இதைப் பயன்படுத்துவோர் கவனிக்க: தேமல் நோய் அறிகுறி இங்கும் அங்கும் ஒன்றே, ஆனால் செயலி பழுப்புக் கோடு நோய் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நோய் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. தேமலுக்கு மருந்தும் இல்லை. நோயில்லாத தாய்ச்செடியிலிருந்து கரணை எடுப்பதும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

உழவன் செயலி 2018-லிருந்து இருக்கிறது. மானியம், உர இருப்பு, சந்தை விலை, உதவி வேளாண் அலுவலர் வருகை இவற்றுக்கு அதைத் தவிர்க்க முடியாது. சேத நிலை எண்களுக்கும் அளவுகளுக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் தமிழிலேயே இருக்கிறது; பக்க வடிவமைப்பு பழையது, விஷயம் உறுதியானது. கிசான் கால் சென்டர் 1800 180 1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழில் பேசலாம். அழைக்கும் முன் ரகம், நட்ட நாள், கடைசியாக உரம் போட்ட நாள், அடித்த மருந்து, 20 குத்து எண்ணிக்கை இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தும் கையில் இருந்தால் எதிர்முனையில் இருப்பவர் தரும் விடையின் தரமே மாறும்.

அனுமதிகள்: கேமரா அவசியம். இருப்பிடத்தைச் செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று வையுங்கள். வானிலைக்கு அது போதும். தொடர்புகள் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கேள்வி பதில் பகுதியில் போடும் படம் எல்லோருக்கும் தெரியும். அதில் சர்வே எண் எழுதிய பலகையோ போன் எண்ணோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போன் எண் கொடுத்து மருந்து அனுப்புகிறேன் என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். ரசீதும் உரிம எண்ணும் தராத இடத்தில் வாங்கிய மருந்து போலியாக இருந்தால் வேளாண் அலுவலருக்கும் மாதிரி எடுத்து நடவடிக்கை எடுப்பது கடினம்.